நீருக்கு வழக்குண்டு, மணலுக்கு?

காவிரிச் சிக்கலைப் பேசாத மேடை தமிழகத்தில் இல்லை. 1924ஆம் ஆண்டு ஒப்பந்தம், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007இல் வந்த அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரையறுத்த 177.25 டி.எம்.சி. என இவ்வழக்கின் வரலாற்றை நம் மாணவர் பலரும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பர். உரிமைக்காக வாதாடுதல் கடமையே. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், ஆறு என்பது நீர் மட்டுந்தானா? நீரைத் தாங்கும் மணலும் சேர்ந்ததன்றோ ஆறு? அண்டை மாநிலத்திடம் நீர் கேட்கையில் காட்டும் உறுதியை, நம் வாசலில் கிடக்கும் மணலைக் காப்பதில் தமிழகம் காட்டவில்லை என்பதே நமது முறையீடு.

காவிரியும் கொள்ளிடமும் திருவரங்கத்தை இருபுறமும் தழுவிச் செல்லும் இந்நகரில் மணலின் பெருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. கோடையில் நீரோட்டம் நின்றாலும், மணலைக் கையால் தோண்டினால் ஊற்றுச் சுரக்கும். குடத்தில் முகந்து செல்வர். மேலே வெயில் காயும். உள்ளே ஈரம் உறங்கும். இன்று கையால் தோண்டுவதில்லை. ஆற்றுப் படுகையில் கிணறுகளை இறக்கி இயந்திரத்தால் இறைக்கிறோம். எனினும் முறை அதுவே. ஒரே மணல் வடிகட்டித் தந்த நீர்தான் பள்ளிவாசலில் ஒளுச் செய்யவும், ஆலயத்தில் நீராட்டவும், மாதா கோயில் தெருவில் சமைக்கவும் பயன்படுகிறது. திருச்சிக்கு மட்டுமன்று, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே தொலைவிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்தின் தாகத்தையும் இம்மணற்படுகையே தணிக்கிறது.

முன்னோர் மணலைப் பகையாகக் கருதவில்லை. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை, பாறை தேடி அடித்தளமிட்ட கட்டுமானமன்று; ஆற்று மணலில் கற்களை அமிழ்த்தி எழுப்பியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பொறியாளர் ஆர்தர் காட்டன், தளர்ந்த மணலில் அணை எழுப்பும் நுட்பத்தை அதனிடமே கற்றார். கொள்ளிடம் தாழ்ந்து கிடந்தமையால் நீரெல்லாம் அதன் வழியே ஓடிவிட, காவிரி மணல் மேவித் தூர்ந்தது. அதனைச் சீர்செய்யவே முக்கொம்பில் 1836இல் மேலணைப் பணி தொடங்கியது. ஆற்றின் அடிமட்டம் சில அடிகள் ஏறினாலோ இறங்கினாலோ நெற்களஞ்சியத்தின் தலைவிதியே மாறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்வறிவு பின்னர் எங்கே போயிற்று? 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. அது தந்த நன்மைகள் பல. ஆயினும் அணை நீரை மட்டுமா தேக்குகிறது? மேலிருந்து வரும் மணலையும் வண்டலையும் சேர்த்தே தேக்குகிறது. எனவே கீழே எஞ்சியுள்ள மணல், ஆண்டுதோறும் முழுமையாக ஈடு செய்யப்படும் வருமானமன்று; முன்னோர் விட்டுச் சென்ற முதல். அந்த முதலைத்தான் லாரி லாரியாக அள்ளினர். 2003இல் அரசே மணல் குவாரிகளை ஏற்றது. அள்ளுவோர் மாறினரேயன்றி அள்ளுதல் நின்றபாடில்லை.

மணல் இறங்கினால் என்ன நேரும்? பாலத்தூண்களின் அடி வெளிப்படும். கிணற்று நீர் கீழிறங்கும். முன்பு சிறிய வரத்திலேயே நீர் ஏறிய வாய்க்கால் தலைப்புகள் உயரத்தில் நின்றுவிட, ஆற்றில் நீர் ஓடியும் வயல் காயும்! 2018 ஆகஸ்டு மாதம் பெருவெள்ளம் வந்தபோது, 1928இல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் 45 மதகுகளுள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. முதுமையும் காரணமே. ஆனால் காலடி மணல் கரைந்த பின் முதியவர் மட்டுமா விழுவர்?

வீடு கட்ட மணல் வேண்டாவா எனக் கேட்பர். வேண்டும். மாட்டுவண்டியில் அள்ளிப் பிழைத்த ஏழையை நாம் குறை கூறோம். அவன் கூடையால் அள்ளியதும், இராட்சத இயந்திரம் இரவெல்லாம் அள்ளியதும் ஒன்றல்ல. இப்போது எம்-சாண்ட் வந்துள்ளது. ஆறு சற்றே மூச்சுவிடும். ஆனால் அதற்காக உடைபடுவது மலையல்லவா? மலைக்கோட்டை நகரத்தார் இதனையும் எண்ண வேண்டும்.

ஆற்றோடு கலந்து வாழ்ந்த வாழ்க்கை அருகியதே இத்தனைக்கும் வேர் என்பது நம் எண்ணம். ஓடம் நின்றது, ‘ஓடத்துறை’ என்னும் பெயர் மட்டும் நின்றது. 1976இல் திறந்த காவிரிப் பாலத்தின் மேல் பேருந்தில் செல்லும் மாணவர், ஆற்றைக் கடப்பதே அறியாமல் கடக்கின்றனர். 2017 ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் ஆறு வறண்டு கிடக்க, மக்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் நீராடித் திரும்பினர். சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்காலோ நகருக்குள் நுழைந்ததும் சாக்கடை சுமக்கிறது. அதற்கு ‘உய்யக்கொண்டான்’ என்று பெயர்!

தமிழ்த்துறை மாணவர்க்கு இங்கே பணியுண்டு. உய்யக்கொண்டான் பிரியும் பேட்டைவாய்த்தலையில் ‘வாய்த்தலை’ என்பது வாய்க்காலின் தலைப்பு. இவ்வாறே மடை, கலிங்கு, படுகை, திட்டு, எக்கல் என ஆற்றோடு பிறந்த சொற்கள் கரையோர முதியோர் நாவில் இன்னும் உள்ளன. விடுமுறையில் பேட்டைவாய்த்தலையிலிருந்து நகர் வரை கரையோடு நடந்து, அச்சொற்களையும், ஒவ்வொரு துறையிலும் மணல் முன்பு எத்தனை படி வரை நின்றது என்பதையும் கேட்டெழுதி வரலாம். சமுதாயப் பெரியோர் தம் இளமையில் கண்ட மணல் மட்டத்தைப் படித்துறையில் நின்று சுட்டிக்காட்டட்டும். மாணவர் அதனை அளந்து குறிக்கட்டும். அடுத்த மலரில் அக்குறிப்புகளை வெளியிடத் துறையினர் இடம் ஒதுக்குவர் என நம்புகிறோம்.