ஊரான் தோட்டத்துக் கோபுரம்

'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று ஒரு பழமொழி உண்டு. தேர்தல் சமயத்தில் நம் அபேட்சகர்கள் மேடையேறிப் பசுமை மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழமொழிதான் ஞாபகம் வருகிறது. காற்று இனாம், வெயில் இனாம், புகையில்லை, கரியில்லை என்று அடுக்குகிறார்கள். எல்லாம் சரி. அந்த மின்சாரம் யாருடைய தோட்டத்தின் வழியாக வரப் போகிறது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

கொங்கு நாட்டுக் குடியானவனை மின்சாரத்தின் விரோதி என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதானே கோயமுத்தூரில் பஞ்சாலைகள் பெருகின? கிணற்று மோட்டாருக்கு நியாயமான கட்டணம் கேட்டு, 1970-களில் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் மாட்டு வண்டிகளோடு திரண்டவர்களும் இந்த ஜனங்கள்தாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பிடிக்க, உடுமலை, பல்லடம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் காற்றாலைகள் நிற்பதும் இந்த மண்ணில்தான்.

அப்படிப்பட்டவர்கள் 2018 இறுதியில் ஏன் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்? சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் மின்பாதை வந்தது. அங்கிருந்து கரி மின்சாரம் இங்கே வரும். இங்கே காற்று மிகுந்தால் மின்சாரம் அங்கே போகும் என்பது ஏற்பாடு. அதன் கோபுரங்கள் விளைநிலங்களில் கால் ஊன்றின. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பார்கள். இந்தக் கோபுரத்தைத் தினம் தரிசித்தவனுக்குக் கிடைத்தது வேறு. கம்பியின் கீழே தென்னை நிற்கக் கூடாது. பட்டா அவன் பெயரில்தான் இருக்கிறது. நிலத்தின் மதிப்புதான் போய்விட்டது.

இதற்கு அதிகாரம் கொடுப்பது 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம்! இந்தியாவில் தந்தி அனுப்புவதே 2013-ல் நின்றுவிட்டது. 2023-ல் பார்லிமெண்ட் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றியபோதுகூட, பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி மின்கம்பி இழுப்பதற்கு மட்டும் நீடிக்கும் என்று எழுதி வைத்தார்கள். பிணத்தைத் தூக்கும்போது சாட்டை பிடித்த கையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்ட மாதிரி!

சாலையோரமாகப் பூமிக்கடியில் கொண்டு போங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். ஆகாது என்றார்கள். ஆனால் அதே புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் 320 கிலோவோல்ட் பாதை, கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் பூமிக்கடியில்தான் போகிறது. 800 வேறு, 320 வேறு என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 320-ம் நம் பக்கத்தில் தலைக்கு மேலேதானே போகிறது? அது எந்த விஞ்ஞானம்?

'பூமியே வெந்துகொண்டிருக்கிறது, நீர் இரண்டு தென்னை மரத்துக்கு அழுகிறீரே' என்று பட்டணத்துச் சுற்றுச்சூழல் அன்பர்கள் என்னைக் கோபிக்கலாம். பூமி சூடாவது நிஜம்; கரியைக் கைவிட வேண்டியதும் நிஜம். ஆகையால்தான் சொல்கிறேன். காற்றும் வெயிலும் நம் அடுப்பை எரிக்க வேண்டுமானால் இன்னும் எத்தனையோ கம்பிகள் இழுத்தாக வேண்டும். முதல் கம்பியில் வஞ்சிக்கப்பட்டவன் அடுத்த கம்பிக்கு வழி விடுவானா? அவனுக்குச் செய்யும் அநியாயம் கரிக்குச் செய்யும் உபகாரம்.

2015-ல் மத்திய சர்க்கார் வகுத்த நெறிமுறை, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் நஷ்டஈடு என்றது. 2024-ல் அதை 200 சதவீதமாக்கினார்கள். கம்பி ஓடும் கிராமத்து நிலத்துக்கு 30 சதவீதம் என்றார்கள். ஆனால் இவை யோசனைகள்தாம். ஏற்பதும் விடுவதும் மாநில சர்க்காரின் இஷ்டம். ஆகவே இது நம் சட்டசபைத் தேர்தலின் விஷயம்.

1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் குறை யார் காதிலும் ஏறவில்லை என்று திரளாக மனுத் தாக்கல் செய்து, 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச் சீட்டு புத்தகமாயிற்று. அதே வருஷம் 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ரூபாயாக உயர்ந்தது. குறை கேட்டவனுக்குக் கிடைத்த பதில் அது!

அமெரிக்காவில் இயற்கைப் பாதுகாப்பு வாக்காளர் சங்கம் ஒன்று, 1970-லிருந்து மக்கள் பிரதிநிதிகளுக்கு மார்க் போட்டு வருகிறது. நாமும் போடலாமே! வீட்டுக்கு வரும் அபேட்சகரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். புது மின்பாதை எந்த ஊர் வழியாக என்று வோட்டுக்கு முன்பே வரைபடம் காட்டுவீரா? கோபுரம் நிற்கும் வரையில் நிலத்துக்காரனுக்கு வருஷ வாடகை வாங்கித் தருவீரா? முடிந்த இடத்தில் சாலையோரம் புதைக்கச் சொல்லிச் சட்டசபையில் எழுந்து நிற்பீரா?

பதில் சொல்லாமல் கும்பிடு மட்டும் போட்டால், நாமும் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம். வோட்டு மட்டும் போட வேண்டாம்.