மண்ணை அவிழ்த்துவிட்டது யார்? சேற்றில் மூழ்கியது யார்?

கேமரன் மலைக்குப் போய் வந்த அன்பர்களே! ஸ்ட்ராபெரி வாங்கினீர்கள், தேயிலைத் தோட்டத்தில் நின்று படம் எடுத்தீர்கள். வழியில் ரிங்லெட் அணை ஏரியின் நிறத்தைக் கவனித்தீர்களா? மழை பெய்துவிட்டால் பால் கலந்த தேநீர்போல் இருக்கும். அது இயற்கையான நிறம் அல்ல. மேலே வெட்டப்பட்ட மலைகளின் மண்.

சுல்தான் அபு பாக்கார் அணை மின்சாரத்திற்காகக் கட்டப்பட்டு 1963-இல் செயல்படத் தொடங்கியது. ஏரியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 67 லட்சம் கனமீட்டர். ஆனால், எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக அதில் மண் நிரம்பியது. காரணம் என்ன? செங்குத்தான சரிவுகளில் காட்டை அழித்துக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் கூரைமேல் விழும் மழை நிலத்தில் இறங்காமல் கால்வாயில் பாய்ந்து மண்ணை அரிக்கிறது. மண்ணோடு எருவும் பூச்சிமருந்தும் ஆற்றில் கலக்கின்றன. கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது. மீன் முட்டையிடும் கூழாங்கற்களைச் சேறு மூடிவிடுகிறது. ஏரி மண்ணால் நிரம்பினால் பெருமழையைத் தாங்க அதில் இடமில்லை. மதகைத் திறக்க வேண்டியதுதான்!

2013 அக்டோபர் 23 அதிகாலையில் அதுதான் நடந்தது. திறந்துவிட்ட நீர் பெர்தாம் பள்ளத்தாக்கில் சேறாகப் புகுந்தது. வீடுகள் போயின, உயிர்களும் போயின. 2014 நவம்பரில் சேற்று வெள்ளம் மீண்டும் வந்தது.

உடனே பழி யார்மீது? சட்டவிரோதமாக நிலம் அழித்தவர்கள்மீது, அந்நியத் தொழிலாளர்கள்மீது. அவர்களில் குற்றவாளிகள் இருக்கலாம். ஆனால் பொறுப்பு யாருடையது? கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டுங்கள். மாநிலப் பட்டியலில் நிலம், காடு, ஆறு ஆகியவற்றோடு "வண்டல் கட்டுப்பாடு" என்றே தனியாக எழுதியிருக்கிறது! நிலத்தைக் கொடுக்கும் அதே கைதான் மண்ணையும் தடுக்க வேண்டும்.

1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. மலைநிலம் என்று அரசிதழில் அறிவித்துவிட்டால் அனுமதியின்றி அங்கே காட்டை அழிக்கவோ குறுகிய காலப் பயிர் போடவோ முடியாது. அறிவிக்காவிட்டால் சட்டம் வெறும் காகிதம்.

மறுபக்கம், காலங்காலமாக இங்கே விவசாயம் நடந்தது பெரும்பாலும் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக நில உரிமத்தில். அது அந்தந்த ஆண்டோடு காலாவதியாகும். அடுத்த ஆண்டு நிலம் தனக்கு இருக்குமா என்றே தெரியாதவன் படிக்கட்டு வரப்பு கட்டுவானா? வண்டல் தொட்டி தோண்டுவானா? ஆகவே இதைச் சீனர், இந்தியர், வங்காளதேசி என்று இனச் சண்டையாக்க விடாதீர்கள். அது அதிகாரிகளுக்கு வசதியான சண்டை.

2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு உச்ச அபராதம் 10 மில்லியன் ரிங்கிட் ஆனது. நல்லதே. ஆனால் தொழிற்சாலைக் கழிவுக்குக் குழாய் உண்டு. ஆயிரம் சரிவுகளிலிருந்து வழியும் மண்ணுக்கு ஏது குழாய்? யாரைப் பிடிப்பது?

செமாய் பூர்வகுடிகளையும் தோட்டத்து லயங்களில் வாழும் நம் மக்களையும் நினைத்துப் பாருங்கள். ஆறு அவர்கள் வாசலில் ஓடுகிறது. நிலப்பட்டாவோ அவர்கள் பெயரில் இல்லை. பட்டா இல்லாதவன் இழப்பீடு கேட்டால் எந்த மேசையில் மதிப்பார்கள்?

நம் கோரிக்கைகள் மூன்று:

1. மலைநிலமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலை மாநில அரசாங்கம் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

2. உரிமமோ குத்தகையோ, மண்காப்பு நிபந்தனை இல்லாமல் கொடுக்கக் கூடாது. மீறினால் ரத்து.

3. வெள்ள இழப்பீடு பட்டாவை அல்ல, பாதிப்பைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும்.

உங்கள் பங்குக்கு ஒன்று செய்யுங்கள். ஆறு கலங்கும் ஒவ்வொரு முறையும் தேதியோடு படம் எடுங்கள். எழுத்துமூலம் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடர 36 மாதங்களே அவகாசம் என்பதை மறவாதீர்கள். வெள்ளம் வடிந்ததும் நாம் மறந்துவிடுவோம் என்றுதான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

மழை கடவுள் கொடுப்பது. சேறு மனிதன் கொடுப்பது. அதற்குக் கையெழுத்துப் போட்டவர்களைக் கேள்வி கேட்போம்!