ஹெட்டர் வாங்கலியோ ஹெட்டர்!

மூணு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்களே. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம், ஒரு மேட்டரை எங்கயாவது கொட்டலைன்னா தலை வெடிச்சிடும் போல இருக்கு. கார் மேட்டர். "எனக்கும் காருக்கும் காத தூரம்"னு எஸ்கேப் ஆகப் பாக்குறவங்க கொஞ்சம் பொறுங்க. முதல் பாதி பொட்டி தட்டுறவனோட புலம்பல், ரெண்டாவது பாதி எல்லாருக்கும் பொதுவானது.

போன வருஷம் ஒரு பழைய காடிலாக் சி.டி.எஸ்-வி வாங்கினேன். 2012 மாடல். 6.2 லிட்டர் வி-8, அதுக்கு மேல ஒரு சூப்பர்சார்ஜர், மொத்தம் 556 குதிரைத்திறன். எஞ்சினுக்கு எல்.எஸ்.ஏ.ன்னு பேரு. காரைச் செஞ்சதே நான் குப்பை கொட்டுற இதே மிச்சிகன்ல, லான்சிங் ஊர்லதான். "556 பத்தலையா?"ன்னு கேக்காதீங்க. தங்கமணி தினமும் கேக்குறாங்க.

கூட வேலை பாக்குற நண்பன் ஒருத்தன் அதே கார் வச்சிருக்கான். அவன் காரை விக்கப் போறான். அதுக்கு முன்னாடி, போட்டிருந்த லாங்-ட்யூப் ஹெட்டரைக் கழட்டித் தனியா வித்துக்கிட்டிருக்கான். "மச்சி, 700 டாலர் குடு, எடுத்துட்டுப் போ. புதுசு வாங்கினா ரெண்டு மூணு மடங்கு ஆவும்"னான். நான் ஒரு வாரம் தூங்கலை.

ஹெட்டர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: செகண்ட் ஷோ முடிஞ்சு எல்லாரும் ஒரே வாசல்ல முண்டியடிச்சு வெளிய வருவோம்ல, தொழிற்சாலையில போட்டு வர்ற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஹெட்டர் போட்டா ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய். கொஞ்ச தூரம் தனியாப் போய் அப்புறமா ஒண்ணு சேரும்.

இந்த எஞ்சினுக்கு அது ஏன் முக்கியம்? சிலிண்டர் வெடிக்கிற வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒத்தைப்படை நம்பர் எல்லாம் டிரைவர் பக்கம், இரட்டைப்படை எல்லாம் அந்தப் பக்கம். இப்ப வரிசையைப் பாருங்க. 2 முடிஞ்ச கையோட 6, ரெண்டும் ஒரே பக்கம். கடைசியா 3 முடிஞ்ச கையோட மறுபடி 1, அதுவும் ஒரே பக்கம். அதாவது ரெண்டு பக்கமும் ஒரு ஜோடி சிலிண்டர் அடுத்தடுத்து புகையைத் தள்ளி ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்குது. குழாய் நீளமா, தனித்தனியா இருந்தா அந்த இடி குறையும். கணக்கு அழகா இருக்குல்ல?

ஆனா இங்கதான் பல பேர் தடுக்கி விழறாங்க. ஹெட்டர் பத்தி நாம படிக்கிற பாதி ஞானம் சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினுக்கானது. அந்த எஞ்சின்ல காத்து தானா உள்ள வரணும். அதனால, வெளிய போற புகை விட்டுட்டுப் போற உறிஞ்சலை வச்சு புதுக் காத்தை இழுக்கப் பாப்பாங்க. குழாய் நீளம் அரை அடி கூடுமா குறையுமான்னு சண்டையே நடக்கும். சூப்பர்சார்ஜர் எஞ்சின்லயோ காத்தை பெல்ட்ல சுத்துற ஒரு பம்ப் அமுக்கி உள்ள தள்ளுது. உறிஞ்சல் கெடைச்சா நல்லது, கெடைக்கலைன்னாலும் பொழப்பு ஓடும். இதுக்கு வேண்டியது புகை தடையில்லாம வெளிய போக ஒரு வழி, அவ்வளவுதான்.

அதனால நீள விவாதத்தைத் தூக்கி ஓரமா வச்சுட்டு அகலத்தைப் பாருங்க. இந்த எஞ்சினுக்கு 1-7/8 இன்ச் குழாய் சரி. எங்க பாட்டி வாய்ப்பாட்டுல சொன்னா ஒன்றே முக்காலே அரைக்கால். (பின்னத்துக்கெல்லாம் பேர் வச்ச பரம்பரைங்க நாம!) எஞ்சினை வேற எதுவும் செய்யாம 2 இன்ச் குழாய் மாட்டுறது, எட்டு வயசுப் பையனுக்கு அப்பா சட்டையைப் போட்டு விடுற மாதிரி.

இன்னொரு காமெடி. ஹெட்டர் போட்டதும் டாஷ்போர்டுல பூஸ்ட் குறையும். "ஐயையோ போச்சே"ன்னு கடைக்கு ஓடுறவங்க உண்டு. பூஸ்ட்ங்கிறது பம்ப் தள்ளின காத்து உள்ள போக முடியாம முட்டி நிக்கிற அழுத்தம். எஞ்சின் நல்லா மூச்சு விட்டா முட்டல் குறையும். பூஸ்ட் குறைஞ்சு பவர் கூடுறது நல்ல செய்திதான்.

சரி, எவ்வளவு கூடும்? கம்ப்யூட்டர் ட்யூனிங்கும் சேத்துப் பண்ணினா, பின் சக்கரத்துல 20, 25 குதிரை கூடினாலே சந்தோஷமா வீட்டுக்கு வரலாம். அதே நேரம் இந்த எஞ்சினோட உண்மையான எதிரி சூடு. காத்தை அமுக்கினா சூடாகும். அதைத் தணிக்க சூப்பர்சார்ஜருக்கு உள்ளயே தண்ணி ஓடுற ஒரு இன்டர்கூலர் இருக்கு. அந்தத் தண்ணியை ஆறவைக்க கார் முன்னாடி ஒரு சின்ன ரேடியேட்டர். ஜூலை வெயில்ல ரெண்டு தடவை மிதிச்சா தண்ணி சூடேறிடும். எஞ்சின் நாக் அடிக்கக்கூடாதுன்னு கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னாடி இழுத்துடும். ஹெட்டர்ல வந்த 20 குதிரையும் அங்கயே அம்பேல். அதனால என் கட்சி: முதல்ல அந்த ரேடியேட்டரைப் பெருசாக்குங்க. ஹெட்டர் அதுக்கப்புறம்தான்.

இது வரைக்கும் எஞ்சினியர் புத்தி. இப்ப ரெண்டாவது பாதி.

நண்பனோட ஹெட்டர்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது. தொழிற்சாலையில அதை மேனிஃபோல்டை ஒட்டியே வச்சிருக்காங்க. லாங்-ட்யூப் போடணும்னா அதைக் கழட்டியே ஆகணும். இன்னும் கீழ தள்ளி வேற கன்வெர்ட்டர் போடலாம், இல்லைன்னா வெறும் குழாய் போடலாம். அவன் போட்டது வெறும் குழாய். "ரேஸுக்கு மட்டும்"னு ஸ்டிக்கர் ஒட்டி வித்த ஐட்டம். அவன் ரேஸ் ட்ராக்குக்குப் போனது வருஷத்துக்கு ரெண்டு தடவை. மத்த நாளெல்லாம் ஆபீஸ், மளிகைக் கடை, ஆபீஸ்.

"டேய், இது சட்ட விரோதம் இல்லையா?"ன்னேன். சிரிச்சான். "மிச்சிகன்ல எமிஷன் டெஸ்ட்டே கிடையாது மச்சி. எவன் பாக்கப் போறான்?"

அவன் சொன்னதுல பாதி உண்மை. இந்த மாநிலத்துல புகை டெஸ்ட் கிடையாது. ஆனா ரோட்டுல ஓடுற வண்டியில கன்வெர்ட்டரைக் கழட்டக்கூடாதுங்கிறது க்ளீன் ஏர் ஆக்ட், அதாவது மத்திய சட்டம். மாநிலம் எதுவானாலும் அது பொருந்தும். ஸ்டிக்கர் ஒட்டினா சட்டம் கண்ணை மூடிக்காது. இருந்தாலும் பிடிபட மாட்டேன்ங்கிறது எனக்கும் தெரியும். அதனால சட்டத்தை விட்டுடுவோம்.

போன ஆகஸ்ட்ல வுட்வர்ட் அவென்யூல ட்ரீம் க்ரூஸ் பாக்கப் போனோம். டெட்ராய்ட் பக்கத்துல இருக்குறவங்களுக்குத் தெரியும், 1995லேருந்து நடக்குற கார் திருவிழா. அவன் கார் முன்னாடி, என் கார் பின்னாடி. ஊர்ந்து ஊர்ந்து போற ட்ராஃபிக், ஜன்னல் எல்லாம் திறந்து வச்சிருந்தேன். சத்தம் என்னவோ தேவாமிர்தம், ஒத்துக்கிறேன். ஆனா அரை மணி நேரத்துல கண்ணு எரிஞ்சுது. தங்கமணிக்குத் தலைவலி. எரியாத பெட்ரோல் வாசம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டினப்பவும் இருந்துச்சு.

நான் வளந்தது மதுரையில, பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்துல. தங்கச்சிக்கு வீசிங். புகை ஜாஸ்தியான நாள்ல ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா ஸ்கூட்டர்ல அவளை நடுவுல உக்கார வச்சு, அம்மா பின்னாடி பிடிச்சுக்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. நான் வாசப்படியில உக்காந்து அவ மூச்சு சத்தத்தை நெனச்சுக்கிட்டே இருப்பேன். எந்த பஸ், எந்த லாரின்னு யாரையும் கைகாட்ட முடியாது. ஒவ்வொருத்தரும் "என் ஒரு வண்டியால என்ன ஆயிடும்"னுதான் ஓட்டியிருப்பாங்க.

இப்ப நான் இருக்குற அபார்ட்மென்ட்ல என் கார் நிக்கிற இடத்துலேருந்து பத்து அடியில ஸ்கூல் பஸ் நிக்கும். காலையில நான் ஸ்டார்ட் பண்ற நேரத்துல அங்க ஏழெட்டுப் பொடிசுங்க நிக்கும். அதுல ஒரு பையன் பையில இன்ஹேலர் வச்சிருக்கான். எஞ்சின் ஆறிப்போய் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ற முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் புகை மோசமா இருக்குற நேரம். கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடானாதான் வேலையே ஆரம்பிக்கும். சீக்கிரம் சூடாகணும்னுதான் அதை எஞ்சினை ஒட்டி வச்சிருக்காங்க. அதைக் கழட்டினா சூடான பிறகும் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் அப்படியே அந்தப் பசங்க மூஞ்சிக்கு.

என் ஒரு காரால மிச்சிகன் காத்து கெடப் போறதில்லை. கணக்குப்படி சரி. ஆனா அந்தப் பையன் மிச்சிகன் முழுக்க உள்ள காத்தை மூச்சு விடலை, என் சைலன்சர்லேருந்து பத்து அடியில உள்ள காத்தைத்தான் விடுறான்.

அதனால நண்பன்கிட்ட வேணாம்னுட்டேன். "700 டாலருக்கு இப்படி யோசிக்கிற ஆளை இப்பதான் பாக்குறேன்"னான். பாத்துக்கட்டும்.

ஹெட்டர் வாங்கியே தீருவேன்னு நிக்கிறவங்களுக்கு நான் சொல்றது:

1. கன்வெர்ட்டரை அது இருக்குற இடத்துலயே விட்டு வைக்கிற ஷார்ட்டி வகை உங்க காருக்கு இருக்கான்னு முதல்ல தேடுங்க. பவர் கம்மியாத்தான் கூடும். கலிபோர்னியாவோட எக்ஸிகியூட்டிவ் ஆர்டர் நம்பர் இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

2. கன்வெர்ட்டரோட வர்ற லாங்-ட்யூப், வெறும் குழாயை விட எவ்வளவோ மேல். பவர் இழப்பும் கொஞ்சம்தான். ஆனா எஞ்சினை விட்டுத் தள்ளிப் போறதால சூடாக நேரம் எடுக்கும். அசல் கன்வெர்ட்டரைக் கழட்டுறதால சட்டப்படியும் சுத்தம்னு சொல்ல முடியாது. தெரிஞ்சே வாங்குங்க.

3. பனிக்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுற ஊர்னா 304 ஸ்டெயின்லெஸ் வாங்குங்க. 409 மேல துரு பூக்கும். டெட்ராய்ட்டுக்கு அடியிலயே உப்புச் சுரங்கம் இருக்கு, எங்களுக்கு உப்புக்குப் பஞ்சமே இல்லை.

4. சிலிண்டர் ஹெட்ல உக்கார்ற ஃப்ளேஞ்ச் தடிமனா இருக்கான்னு பாருங்க. மெலிசா இருந்தா சூட்டுல வளைஞ்சு கேஸ்கெட் ஊதும்.

நான்? பெரிய ரேடியேட்டர் வாங்கி முன்னாடி மாட்டியாச்சு. மேனிஃபோல்டு, கன்வெர்ட்டர் ரெண்டும் லான்சிங்ல மாட்டினபடியே இருக்கு. வெயில்ல மிதிச்சாலும் இப்ப வண்டி சோர்றதில்லை. சத்தம் மட்டும் கொஞ்சம் சாதுவா இருக்கு. தங்கமணிக்கு அதுல ஏக சந்தோஷம்.

பி.கு: அந்த ஹெட்டர் மறுநாளே வித்துப் போச்சு. வாங்கினவர் எங்க ஏரியாதானாம். இந்தப் பதிவை அவர் படிக்க மாட்டார்னு தெரியும். உங்க கார்ல எதையாச்சும் கழட்டலாமான்னு யோசிக்கிறவங்க யாராவது படிச்சா போதும். திட்டணும்னாலும் பின்னூட்டத்துல திட்டிட்டுப் போங்க. வர்ட்டா? :-)