கதவை வெட்டினா அது பாரம்பரியமா?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தேவதானப்பட்டியில பெரியப்பா வீட்டுக்குப் பின்னாடி, புளியமரத்தடியில அவரோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிக்குது. நாலு கதவு வண்டி. ஓடி வருஷம் பன்னெண்டாச்சு. அதை விலை பேச ஒரு வெளியூர்க்காரர் வந்திருந்தார்.

"நடுவுல வெட்டிச் சுருக்கி, கூரையை எடுத்துட்டு, ரெண்டு சீட்டு ஸ்பிட்ஃபயரா மாத்திடுவேன் சார். பிரிட்டிஷ் ஹெரிடேஜ்!"

வந்துச்சே எனக்குக் கோபம்!

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் அழகான வண்டிதான், மறுக்கல. 1962ல வந்துச்சு. ஆனா அதோட பூர்வீகம் எது? 1959ல வந்த ட்ரையம்ப் ஹெரால்டு. ரெண்டையும் வரைஞ்சவர் இத்தாலிக்காரர் மிச்செலாட்டி. ஹெரால்டோட 91.5 அங்குல வீல்பேஸை 83 ஆக்கித்தான் ஸ்பிட்ஃபயர் பிறந்துச்சு. பானெட்டு மொத்தமா முன்பக்கம் கவுந்து திறக்குதே, அதுவும் ஹெரால்டு கொடுத்த சீதனம். 25 அடி வட்டத்துல திரும்புற ஸ்டியரிங்கும் ஹெரால்டோட பெருமைதான். கொடைக்கானல் மலைப்பாதையில பெரியப்பா ஒரே ஒடிப்புல கொண்டை ஊசி வளைவு எடுத்ததைப் பின்சீட்டுல உக்காந்து பார்த்தவன் நான்.

அந்த ஹெரால்டைத்தான் 1961லிருந்து மெட்ராஸ்ல, பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செஞ்சுச்சு. 948 சிசி எஞ்சின். நம்மாளு குடும்பத்தோட போறவனாச்சே, ரெண்டு கதவு எப்படிப் பத்தும்? 1960களோட கடைசியில நாலு கதவு வச்சாங்க. இது இங்கிலாந்துலயே கிடையாது! எங்க பாஷையில சொன்னா, சோர்ஸ் கோட் கவென்ட்ரியில இருந்து வந்துச்சு, நாலு கதவு நாம எழுதின பேட்ச்.

ஸ்பிட்ஃபயர் 1980 வரைக்கும் மூணு லட்சத்துக்கு மேல உருண்டு வந்துச்சு. அதைப் பொத்திப் பாதுகாக்க அங்க கிளப் இருக்கு, புது உதிரி பாகம் கிடைக்குது. நம்ம மெட்ராஸ் ஹெரால்டுக்கு என்ன இருக்கு? கம்பெனியே 1988ல படுத்துருச்சு. மிச்சம் இருக்கறதையும் வெட்டி வெள்ளைக்காரனுக்கு டூப்பு செய்யறதுக்குப் பேரு பாரம்பரியமா? அசலை அழிச்சு நகல் எடுக்கறதை எந்த ஊர்ல சாமி பாரம்பரியம்னு சொல்லுவாங்க?

எங்க ஊர் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயில்ல மூடின கதவுக்குத்தான் பூஜை. கதவோட அருமை தெரிஞ்ச ஊருய்யா இது :-)

"துருப்பிடிச்சு மண்ணாப் போறதுக்கு இது தேவலை"ன்னார் வந்தவர். நியாயமான கேள்விதான். ஆனா ஹெரால்டு தனி சேஸிஸ் மேல துண்டு துண்டா போல்ட்டு போட்டு முறுக்கின பாடி. துருப்பிடிச்ச துண்டை மட்டும் கழட்டிச் சரி பண்ணலாம். மனசு வேணும், அவ்வளவுதான்.

வீரமா இவ்வளவும் பேசி முடிச்சேன். பெரியப்பா மெதுவா கேட்டார்: "சரிப்பா, அப்ப நீ எடுத்துச் செய்யிறியா?"

ஒரு நிமிஷம் நாக்கு ஒட்டிக்கிச்சு. பெங்களூர் வாடகை, ஈ.எம்.ஐ. எல்லாம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. பாரம்பரியம் பேசறது ஈஸி, தார்ப்பாய் வாங்கறதுதான் கஷ்டம்.

வந்தவரைக் காபி கொடுத்து அனுப்பிட்டோம். சாயங்காலம் பெரியகுளம் போய் தார்ப்பாய் வாங்கிட்டு வந்து மூடினேன். அடுத்த மாசம் மெக்கானிக் அண்ணன் வர்றார். முதல் வேலை, பின்கதவு ரெண்டும்.