எலும்பில் பிடித்த சீழும் ஆறு வாரக் கூலியும்

மேலே காயம் மூடிவிட்டது. ஒரு சிறு துளை வழியாக மட்டும் சீழ் கசிகிறது. அதன்மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகும் ஆலைத் தொழிலாளி உண்டு. அதே காலோடு சேற்றில் இறங்கும் விவசாயத் தொழிலாளி உண்டு. "சும்மா சிரங்கு, தானே ஆறிவிடும்" என்பார்கள். மாதம் போகும், வருஷம் போகும், ஆறாது.

தோழர்களே, இதைச் சிரங்கு என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் உள்ளே எலும்பு சீழ் பிடித்திருப்பதன் அடையாளம் இது. 'புரையோடிவிட்டது' என்று நம் பெரியவர்கள் சொன்னதும், ஆஸ்டியோமையலிட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்வதும் இதைத்தான்.

இந்த நோய் எப்படி வருகிறது? மிஷினில் சிக்கி, எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால், அந்த வழியாகக் கிருமி உள்ளே போகிறது. அழுக்கும் சாணமும் பட்ட மண்வெட்டிக் காயம் ஆழமாக இருந்தால் போகிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்துப் புண் வழியாகப் போகிறது. குழந்தைகளுக்கோ காயமே வேண்டியதில்லை. கிருமி ரத்தத்தில் மிதந்து வந்து எலும்பில் தங்கிவிடும். காய்ச்சலோடு ஒரு பிள்ளை காலை ஊன்ற மறுத்தால், 'சுளுக்கு' என்று எண்ணெய் தடவி உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

தோல் கிழிந்த எலும்பு முறிவுக்கும் இதே விதிதான். கட்டுப் போடும் வைத்தியரை நாம் பழிக்கவில்லை. ஆனால் திறந்த காயத்தின்மேல் பச்சிலை வைத்துக் கட்டினால் கிருமியை உள்ளே வைத்துக் கட்டியதாகிவிடும். சில மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏற வேண்டும். ஆபரேஷன் அறையில் காயத்தைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் நம் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் தொடங்கி முதல் 10, 14 நாட்களுக்கு எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "எக்ஸ்-ரே சரியாக இருக்கிறது, வேலைக்குப் போ" என்று சொல்லிவிட்டால் அதோடு நிற்கக் கூடாது. வலியும் வீக்கமும் காய்ச்சலும் நீடித்தால் மறுபடி போக வேண்டும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனைகள் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நோயை முன்னதாகவே காட்டிவிடும். எலும்பிலிருந்தே சிறு துணுக்கு எடுத்து, அதில் வளரும் கிருமி எது, அதை எந்த மருந்து கொல்லும் என்று பார்ப்பதுதான் உறுதியான வழி. மேலே வடியும் சீழை மட்டும் துடைத்துப் பார்த்தால் பல சமயம் தவறான கிருமியைக் காட்டும். கடையில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனாலோ, கிருமி ஒளிந்துகொள்ளும். நோய் மட்டும் போகாது.

சிகிச்சை உண்டா? உண்டு. சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் மருந்து. செத்துப்போன எலும்புக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்திற்கு மருந்தும் போகாது. ஆகவே அந்தத் துண்டை வெட்டி எடுத்தே தீர வேண்டும். வெட்டிய இடம் பள்ளமாகிவிடுமே என்றால் அதற்கும் வழி கண்டவர் இருக்கிறார். சைபீரியாவின் குர்கான் நகரில் டாக்டர் இலிசரோவ் 1950களில் இரும்பு வளையங்களையும் கம்பிகளையும் எலும்பில் பொருத்தி, நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்துப் புது எலும்பை வளர்த்துக் காட்டினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற புரூமெல், 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல ஆபரேஷன்களுக்குப் பின்னும் குணமாகாமல், 1968இல் அவரிடம்தான் போனார். மறுபடியும் தாண்டினார்! இன்று நம் நாட்டு டாக்டர்களும் இம்முறையைக் கையாள்கிறார்கள்.

ஆறு வாரமும் ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று முன்பு நினைத்தார்கள். பிரிட்டனில் 26 ஆஸ்பத்திரிகளில் 1,054 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு விதமாகச் சொன்னது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சிகிச்சை தோற்றது ஊசிக்காரர்களில் 14.6 சதம், மாத்திரைக்காரர்களில் 13.2 சதம். ஆகவே டாக்டர் சரியான மாத்திரையைத் தேர்ந்து கொடுத்தால் பலர் சீக்கிரம் வீடு திரும்பலாம்.

பின் ஏன் நம்மவர் காலை இழக்கிறார்கள்? மருந்து இல்லாமல் அல்ல. ஆறு வாரம் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது! பத்தாம் நாள் வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறார்கள். கிருமி மறுபடி தலைதூக்குகிறது. இது அறியாமை என்று சொல்பவர்கள் கூலிக்காரன் வீட்டுக் கணக்கைப் பார்க்காதவர்கள்.

ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வழி உண்டு. வேலையில் பட்ட காயத்திற்குக் கூலியில் 90 சதம். திறந்த முறிவோடு நாள்பட்ட எலும்புச் சீழ், நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு 80 சதம் கூலி, இரண்டு ஆண்டுவரை. இது தெரியாமல் எத்தனை பேர் வேலைக்கு ஓடுகிறார்கள்! பேரேட்டில் பெயரே ஏறாத காண்ட்ராக்ட் தொழிலாளிக்கோ இதுவும் இல்லை. கதிர் அறுப்பவருக்கும் நாற்று நடுபவருக்கும் ஈ.எஸ்.ஐ. இல்லை. அதே எலும்பு, அதே கிருமி, அதே ஆறு வாரம். ஒருவருக்குக் கூலி உண்டு, மற்றவருக்கு இல்லை. இது என்ன நியாயம்?

நாம் கேட்பது இதுதான்: வயலில் உழைப்பவருக்கும் நோய்க்கால ஊதியம் வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளி ஒவ்வொருவர் பெயரும் ஈ.எஸ்.ஐ.யில் ஏற வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை தாலுகா ஆஸ்பத்திரிவரை வர வேண்டும்.

அதுவரை சங்கத் தோழர்கள் சும்மா இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் காலில் துணி சுற்றியிருந்தால் அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஆறு வாரமும் மாத்திரையை நிறுத்தாமல் இருக்க, அவர் வீட்டு அரிசிக்கு வழி செய்யுங்கள். ஒரு காலைக் காப்பாற்றினால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதாகும்.