மறுப்பதற்கு முன் படிக்க வேண்டாமா?

"ஆன்மா என ஒன்றில்லை, இறந்தால் எல்லாம் முடிந்தது, இதுவே பௌத்தம்!" அண்மையில் ஒரு மேடையில் இளைஞர் ஒருவர் இவ்வாறு முழங்கினார், அவையும் ஆர்ப்பரித்தது. நமக்கோ நாணமே மிஞ்சிற்று.

தத்துவவாதிகளை மறுக்குமுன் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், கற்பித்தற் பணிக்கிடையே கிடைத்த ஓய்வில் இரண்டாண்டுகளுக்குள் அவர்தம் நூல்களைத் தாமே கற்றதாகவும், மேலும் ஓராண்டளவு சிந்தித்ததாகவும் 'அல்முன்கித்' நூலில் எழுதியுள்ளார்கள். நம் இளைஞருக்கோ ஒரு துண்டுப் பிரசுரம் போதுமானதாயிற்று!

பாலி நூல்கள் கூறுவதென்ன? தீக நிகாயத்தின் முதற் சூத்திரமான பிரமஜாலம், அக்காலத்து 62 கொள்கைகளை அடுக்கி அனைத்தையும் தள்ளுகிறது. இறப்போடு உயிர் அழியும் என்னும் கொள்கையின் 7 வகைகளும் அத்தள்ளுபடியில் அடக்கம். புத்தர் தள்ளியதையே புத்தர் வாயில் திணிப்பது எவ்வகை நீதி?

அனத்தலக்கண சூத்திரம், மணிமேகலை 'ஐங்கந்தம்' எனும் உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு ஆகிய ஐந்தையும் தனித்தனியே ஆராய்கிறது. இவை 'நான்' ஆயின் என் விருப்பத்திற்கு அடங்கியிருக்க வேண்டும், அடங்குவதில்லை, ஆகவே இவை 'நான்' அல்ல என்பது அதன் வாதம். வச்சகோத்தர் என்னும் துறவி, ஆன்மா உண்டா என நேரே வினவியபோது புத்தர் வாய் திறக்கவில்லை. இல்லையா என மாற்றி வினவியபோதும் அதே மௌனம். 'உண்டு' என்றால் நிலைபேறுவாதிகளோடும், 'இல்லை' என்றால் அழிவுவாதிகளோடும் சேர்ந்ததாகும் எனப் பின்னர் ஆனந்தரிடம் காரணம் கூறியதாகச் சம்யுத்த நிகாயம் பகர்கிறது.

இம்மௌனத்தைக் காட்டி, புத்தர் அழியா ஆன்மாவை உள்ளுக்குள் ஒப்பினார் என்போரும் உளர். பாலி நூற்கழகத் தலைவராயிருந்த கரோலின் ரைஸ் டேவிட்ஸ் அம்மையாரே தம் பிற்கால நூல்களில், ஆன்ம மறுப்பு ஆதி பௌத்தத்திற்கு உரியதன்று என வாதிட்டார். அதுவும் நில்லாது. எல்லாப் பொருளும் அனாத்மமே என்னும் தம் ஞானத்திற்கு 'உண்டு' என்னும் விடை ஒவ்வாது என்பதையும் புத்தர் அவ்விடத்திலேயே கூறுகிறார். அறிவே பிறவிதோறும் மாறாது செல்கிறது என்ற சாதி என்னும் பிக்குவை அவர் கடிந்ததையும் மஜ்ஜிம நிகாயத்தில் காண்கிறோம்.

அவ்வாறாயின் வினையின் பயனை நுகர்பவன் யார்? கேட்க வேண்டிய கேள்வி இதுவன்றோ! பௌத்தருள்ளேயே வாத்சீபுத்திரீயர் இதற்காகப் 'புத்கலன்' என ஒருவனை நிறுவ முயன்றனர். கதாவத்து தன் முதல் விவாதத்திலேயே அக்கொள்கையை மறுக்கிறது. மேடையேறிய இளைஞர் அவ்வாயிலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.