வீட்டுக்குள் புகும் ஒற்றர்

செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக யுனெஸ்கோ ஸ்தாபனம் 2025ஆம் வருஷம் ஜூலை மாதம் 11ஆம் தேதி அங்கீகரித்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு அடங்கிய அத்தொகுதியில் பதினொன்று மஹாராஷ்டிரத்திலுள்ளவை; எஞ்சிய ஒன்று நமது செஞ்சி. தமிழ் மக்கள் இதனால் பெருமை கொள்வது நியாயமே. ஆயினும் அக்கோட்டையின் சரித்திரத்தில் இன்று ஒவ்வொரு வீட்டாரும் கவனிக்க வேண்டிய பகுதி, அதன் மதில்கள் பயன்படாமற்போன கதையேயாகும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் ஒருசேர வளைத்துக் கட்டிய கோட்டை அது. ராஜகிரியின் உச்சியை அடையுமுன் ஆழ்ந்த பாறைப் பிளவொன்று குறுக்கிடுகிறது. அதன் மேலுள்ள பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை அணுகுதல் அரிது. சத்ரபதி ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் சேனாபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை அடிவாரத்திலேயே காத்துக் கிடக்க நேர்ந்தது. அதே கோட்டையை 1750ஆம் வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சுத் தளகர்த்தர் புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துக்கொண்டார். போரில் தோற்ற முகம்மது அலியின் படைகள் கோட்டையை நோக்கி ஓடிவந்தன. அவற்றின் காலடியைத் தொடர்ந்தே பிரெஞ்சுப் படையும் வந்து வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்தது. மதிலும் அதே மதில், குன்றும் அதே குன்று. உள்ளே விடத் தக்கவர் என்று எண்ணியவரின் பின்னாலேயே பகைவரும் வந்துவிட்டால் குன்றின் உயரம் என்ன செய்யும்?

இன்று செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் ஏற்றி வரும் விவசாயியின் பாங்கிக் கணக்கும், பட்டாவின் நகலும், அவர் மகளுடைய கல்லூரி விண்ணப்பமும், குடும்பப் புகைப்படங்களும் பெரும்பாலும் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றிலேயே அடங்கிக் கிடக்கின்றன. பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் விஷயத்தில், சங்கத்தின் அங்கத்தினர் ஜாபிதாவும், அதிகாரிகளுக்கு அனுப்பிய மனுக்களும், தோழர்களின் கடிதங்களும் அதனுடன் சேர்கின்றன. முன்னாளில் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியவை இவை. கடவுச்சொல் என்னும் பூட்டு இப்போதும் உண்டு. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் நாம் வைக்காத பொருள் ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பவர் மிகச் சிலரே.

இவ்விஷயத்தில் ஜனங்கள் இருவேறு பொருள்களை ஒன்றென்று மயங்குகிறார்கள். ஒன்று குக்கி, மற்றொன்று ஸ்பைவேர். குக்கி என்பது நாம் செல்லும் வலைத்தளம் நமது பிரௌசரிடம் கொடுத்துவைக்கும் சிறு எழுத்துச் சீட்டு. 1994ஆம் வருஷத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியைச் சேர்ந்த லூ மாண்டுல்லி இதை வகுத்தார். மறுமுறை செல்லும்போது இன்னார் வந்திருக்கிறார் என்று தளம் அறிந்துகொள்ள இச்சீட்டு உதவுகிறது. இது இல்லாவிடில் பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தொல்லை தருவது, நாம் சென்ற தளத்தினுடையதல்லாத மூன்றாமவன் சீட்டு. சந்தையில் நாம் பத்துக் கடைகளுக்குப் போகிறோம். பத்துக் கடைகளின் மூலையிலும் ஒரே தரகனுடைய ஆட்கள் உட்கார்ந்து, நமது துண்டில் அவன் இட்ட குறியைப் பார்த்து, இவர் எங்கே நின்றார், எதை விலை கேட்டார், எதை வாங்காமல் போனார் என்று கணக்கெழுதினால் எப்படியிருக்குமோ அப்படியே இதுவும். அக்கணக்கு விளம்பரக்காரருக்கு விற்பனையாகிறது. இது வியாபாரத் துஷ்டத்தனம், கண்டிக்கத் தக்கதே.

ஸ்பைவேரோ வேறு ஜாதி. அது தானாக இயங்கும் புரோகிராம். நமது வீட்டில் குடியேறிவிட்ட ஒற்றன். நாம் தட்டும் எழுத்துக்களையெல்லாம் பதிந்துகொள்ளும். திரையைப் படம் பிடிக்கும். காமிராவையும் மைக்கையும் நமக்குத் தெரியாமல் திறக்கும். அதில் ஒருவகை, தூரத்திலிருப்பவன் நமது யந்திரத்தைத் தன் யந்திரம்போல ஆளும்படி செய்து, நாம் எழுதாத தஸ்தாவேஜுகளை நமது பெயரால் அங்கே கொண்டுவந்து வைக்கவும் வல்லது. எல்லாவற்றினும் கொடியது இந்தக் கடைசிக் காரியமே என்பது நமது அபிப்பிராயம். பணம் போனால் தேடிக்கொள்ளலாம். பொய்ச் சாட்சியம் சிறைக்கு அனுப்பும்.

உபாயம் புதிதன்று. செஞ்சிக் கோட்டைக்குப் புதுச்சேரி வாயில் என்றொரு வாயில் உண்டு. அப்பெயர் குறிக்கும் நகரத்தில், 1910ஐ அடுத்த வருஷங்களில், சுப்பிரமணிய பாரதியாரும், அரவிந்தரும், வ. வே. சு. ஐயரும் பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் வசித்து வந்தார்கள். ஆங்கில சர்க்காரின் ஒற்றர்கள் அவர்களுடைய வீதிகளில் காவல் கிடந்தார்கள். அது போதாதென்று ஒருநாள் ஐயர் வீட்டுக் கிணற்றில் ஜாடி ஒன்று போடப்பட்டது. கலகத்துக்குத் தூண்டும் பொய்த் தஸ்தாவேஜுகள் அதனுள் இருந்தன. பிரெஞ்சுப் போலீஸாரைக் கொண்டே அதை எடுக்கச்செய்து தேசபக்தர்களை ஊரைவிட்டுத் துரத்துவது சூழ்ச்சி. ஆனால் வேலைக்காரி தண்ணீர் இறைத்தபோது ஜாடி வெளிப்பட்டுவிட்டது. அரவிந்தரின் யோசனைப்படி அவர்கள் அதை மறைக்கவுமில்லை, உடைத்தெறியவுமில்லை. தாங்களே பிரெஞ்சு அதிகாரிகளுக்குத் தெரிவித்தார்கள். பின்னர் சோதனைக்கு வந்த நீதிபதி அரவிந்தர் வீட்டில் கண்டவை கிரேக்க, லத்தீன் நூல்களே. தினமும் புழங்கும் கிணறாக இருந்தமையால் ஜாடி அகப்பட்டது. எடுத்ததை உள்ளபடியே ஒப்படைத்தமையால் அது அவர்களுக்கே சாட்சியாயிற்று.

நமது காலத்தில் இதே கதை வேறு விதமாக முடிந்தது. திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் 1937இல் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டான் சுவாமியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ராஞ்சிக்கு அருகே அவர் வசித்த இடத்தில் 2019 ஜூன் 12ஆம் தேதி புனே போலீஸார் அவருடைய கம்ப்யூட்டரைக் கைப்பற்றினர். 2020 அக்டோபர் 8ஆம் தேதி பீமா கோரேகாவ் வழக்கில் தேசியப் புலனாய்வு ஸ்தாபனம் அவரைக் கைது செய்தது. 2021 ஜூலை 5ஆம் தேதி, ஜாமீன் கிடைக்காமலே, தமது 84ஆம் வயதில் பம்பாய் ஆஸ்பத்திரியொன்றில் அவர் காலமானார். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, 2022 டிசம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஆர்ஸனல் கன்சல்டிங் என்னும் பரிசோதனை ஸ்தாபனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2014 முதலே அவரது யந்திரத்தில் நெட்வயர் என்னும் ஒற்றுப் புரோகிராம் புகுந்திருந்ததென்றும், நாற்பதுக்கு மேற்பட்ட தஸ்தாவேஜுகள் வெளியிலிருந்து வைக்கப்பட்டனவென்றும், கைப்பற்றப்படுவதற்கு முந்தின நாளில் புகுந்தவன் தன் சுவடுகளை அழிக்க முயன்றானென்றும் அது கூறுகிறது. அதே வழக்கில் ரோனா வில்சனுடைய கம்ப்யூட்டரைப் பற்றியும் அந்த ஸ்தாபனம் 2021இல் இத்தகைய அறிக்கை தந்தது. அங்கே வாயில் திறந்தது, 2016 ஜூன் மாதம் தெரிந்தவர் பெயரில் வந்த ஒரு மின்னஞ்சலின் இணைப்பு. பிராசிக்யூஷன் தரப்பு இவ்வறிக்கைகளை ஒப்பவில்லை. ஜாடியைப் போட்டவர் யார் என்று நாமும் கூற வரவில்லை. ஆனால் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஒருவர் இருந்தார். இப்பெரியவரின் யந்திரத்துக்குள் ஐந்து வருஷகாலம் எட்டிப்பார்ப்பார் ஒருவருமில்லை.

நெட்வயர் அபூர்வமான பொருளும் அன்று. சொற்ப விலைக்கு யாரும் வாங்கத்தக்கதாய் வலைத்தளத்தில் பகிரங்கமாக விற்கப்பட்டு வந்தது. 2023 மார்ச் மாதத்தில்தான் அமெரிக்கப் போலீஸார் அத்தளத்தைக் கைப்பற்றினர்.

ஆகவே நமது கிணற்றை நாமே இறைத்துப் பார்க்க வேண்டும். யந்திரம் காரணமின்றி மந்தமாவது, தானே புதுப் பக்கங்கள் திறப்பது, பிரௌசரின் முதற்பக்கம் மாறியிருப்பது, நாம் உபயோகிக்காத நேரத்திலும் டேட்டா செலவாவது ஆகியவை அறிகுறிகள். ஆனால் திறமையுள்ள ஒற்றன் அறிகுறி காட்டமாட்டான் என்பதால், குறி தென்படாவிட்டாலும் மாதம் ஒருமுறை சோதிப்பது நலம். விண்டோஸ் யந்திரத்தில் டாஸ்க் மானேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியில் யந்திரம் எழும்போதே எழுகின்ற புரோகிராம்கள் எவையென்று பார்க்க வேண்டும். நிறுவப்பட்டுள்ள புரோகிராம்களின் ஜாபிதாவையும், பிரௌசரிலுள்ள எக்ஸ்டென்ஷன்களையும் ஒவ்வொன்றாய் விசாரிக்க வேண்டும். பெயர் விளங்காதது எல்லாம் குற்றவாளியல்ல; விண்டோஸின் சொந்த ஊழியர்களுக்கே விசித்திரமான பெயர்கள் உண்டு. இன்னதென்று தெரிந்துகொண்ட பின்னரே நீக்குக.

சந்தேகம் வலுத்தால் முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டிப்பது அவசியம்; ஒற்றனுக்கும் அவன் எஜமானனுக்கும் இடையேயுள்ள பாலத்தை எடுப்பது அது. பிறகு விண்டோஸுடனேயே இலவசமாக வரும் டிபெண்டரைக் கொண்டு முழு ஸ்கான் செய்து, அதன் பின் ஆஃப்லைன் ஸ்கான் என்பதையும் நடத்த வேண்டும். பின்னது விண்டோஸ் எழுமுன்னரே சோதிப்பதால், விழித்திருக்கும்போது ஒளிந்துகொள்ளும் புரோகிராமும் அகப்படக்கூடும். இந்திய சர்க்கார் 2017இல் ஏற்படுத்திய சைபர் ஸ்வச்சதா கேந்திரமும் இலவசக் கருவிகள் தருகிறது. பாங்கி, மின்னஞ்சல் முதலியவற்றின் கடவுச்சொற்களை மாற்றுவது வேறொரு சுத்தமான யந்திரத்திலிருந்தே நடைபெற வேண்டும். ஒற்றன் இருக்கும் வீட்டிலேயே புதுச் சாவி செய்வதில் பயனில்லை. இவ்வளவுக்கும் அடங்காவிடில், சொந்தக் கடிதங்களையும் படங்களையும் பிரதி எடுத்துக்கொண்டு டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வழி. பணம் களவு போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு மட்டும் ஒரு விசேஷ வேண்டுகோள். யாரோ உங்களைக் குறிவைத்திருக்கிறார்கள் என்று எண்ண நியாயமான காரணம் இருப்பின், அவசரப்பட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். யந்திரத்தை அணைத்து வைத்து, வக்கீலையும் நம்பத்தகுந்த நிபுணரையும் கலந்து, டிஸ்கை அப்படியே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் ஜாடியை உடைத்திருந்தால் சாட்சியமும் உடைந்திருக்கும்.

உங்கள் யந்திரத்தில் முந்நூறு அபாயங்கள் உள்ளன என்று திரையில் தானே தோன்றிப் பயமுறுத்தி, சுத்தம் செய்து தருவதாகக் கூறும் இலவசப் புரோகிராம்களைத் தொடவும் வேண்டாம். அவற்றில் பல சாதாரணக் குக்கிகளை எண்ணிக் காட்டி மிரட்டிக் காசு பறிப்பவை. சில தாமே ஒற்றர்கள். பணம் கொடுக்காமல் பெறும் திருட்டுப் புரோகிராம்களும் திருட்டுத் திரைப்படங்களும் புஸ்ஸியின் படையைப் பின்னால் அழைத்துவரும் கூட்டமே. 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்குரிய சாதாரணப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. பழைய யந்திரங்கள் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் இது லேசான விஷயமன்று.

குக்கிகளின் காரியம் சுலபம். பிரௌசரின் அமைப்புகளில் மூன்றாந்தரப்புக் குக்கிகளைத் தடுக்க இடமுண்டு. ஆப்பிளின் சஃபாரி 2020 முதலும், பயர்பாக்ஸ் 2022 முதலும் இவ்விஷயத்தில் தாமாகவே பாதுகாப்பளிக்கின்றன. கூகிள் கம்பெனி மட்டும் குரோமிலிருந்து இவற்றை ஒழிப்பதாக 2020இல் வாக்களித்து, நாள் தள்ளித் தள்ளி, 2024இல் அவ்வாக்கைக் கைவிட்டது. விளம்பரத்தில் பிழைப்பவர் தரகனை வெளியேற்றுவாரென்று எதிர்பார்த்தது நமது ஜனங்களின் நல்ல சுபாவம்! குரோம் உபயோகிப்போர் தாங்களே தடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி சர்க்காரின் பொறுப்பு. அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். பெகாசஸ் விவகாரத்தில் 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். வி. ரவீந்திரன் மேற்பார்வையில் விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. பரிசோதித்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ ஒரு தீய புரோகிராம் இருந்தது, அது பெகாசஸ்தான் என்பதற்கு முடிவான ஆதாரமில்லை, மத்திய சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் கோர்ட்டில் வெளிப்பட்டது. 2023ஆம் வருஷத்துத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும்போதே, சர்க்கார் தன் இலாகாக்களுக்கு விலக்களித்துக்கொள்ள வாயில் திறந்து வைத்திருக்கிறது. பிறர் யந்திரத்தில் தீய புரோகிராமைப் புகுத்துவோனுக்கு 2000ஆம் வருஷத்துச் சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை உண்டு. அதே காரியத்தை அதிகாரத்திலுள்ளோர் செய்தனரா என்று கேட்டால் மௌனமே விடையாவது ஜனநாயகத்துக்கு அடுக்காது.

2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், மின்னணுத் தஸ்தாவேஜுகளுக்குரிய சான்றில் ஹாஷ் எண் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. டிஸ்கின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்றது அவ்வெண். ஓரெழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். கைப்பற்றிய பின்பு ஒன்றும் சேர்க்கப்படவில்லை என்பதற்கு இது சாட்சியாகும். ஆனால் கோர்ட்டுக்குப் போகும்போது குறித்தால் போதாது. கம்ப்யூட்டரைக் கைப்பற்றும் அந்த நேரத்திலேயே, அந்த வீட்டிலேயே, உடையவரின் முன்னிலையில் அவ்வெண்ணைக் கணக்கிட்டு மகஜரில் எழுதி, டிஸ்கின் பிரதியொன்றையும் அவரிடம் கொடுக்க வேண்டுமென்று தமிழ்நாடு போலீஸ் இலாகா உத்தரவு பிறப்பிக்க வேண்டும். விழுப்புரம் ஜில்லாவின் போலீஸ் நிலையங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.